கொண்டு வருபவரும் மறித்து நிற்பவரும்



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளிவாசல் ஹவுளின் அருகே நாம் சிலர் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது நம் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இமாமிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். புதிதாக வெளிவந்த கைப்பேசி ஒன்று ஆன்லைனில் குறைந்த எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஒருவருக்கு ஒன்று மட்டுமே என்பது நிபந்தனை. அவர் தம் பெயரிலும், உம்மா, தங்கை, நண்பர் ஆகியோரின் பெயர்களிலுமாக நான்கு கைப்பேசிகளை வாங்கிவிட்டார். சில நிமிடங்களில் விற்பனை முடிந்துவிட்டது. மறுநாளே நான்கையும் தலா மூவாயிரம் ரூபாய் கூடுதலாக வைத்து விற்றுவிட்டார். "ஹஜ்ரத், நான் திருடவில்லை, பொய்க் கணக்கு எழுதவில்லை, வட்டியும் வாங்கவில்லை. இந்தப் பன்னிரண்டாயிரம் ஹலால்தானே?" என்பது அவருடைய கேள்வி.

அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "வாங்கி விற்பதுதானே வியாபாரம், இதில் என்ன தவறு?" என்றார். இன்னொருவர், "இது பிளாக்கில் டிக்கெட் விற்பதைப் போன்றது" என்றார். இருவரும் குரலை உயர்த்தினார்கள். இமாம் அமைதியாக அந்த இளைஞரிடம் ஒன்றை மட்டும் கேட்டார்: "நீ இடையில் இல்லாமல் இருந்திருந்தால், அந்த நான்கு கைப்பேசியும் யாருக்குப் போயிருக்கும்?"

இளைஞரிடமிருந்து பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை நாமும் வீட்டுக்குச் சுமந்து வந்தோம். ஒரு கைப்பேசி கிடைக்காவிட்டால் எவரும் பட்டினி கிடக்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் அதே பழக்கம் பால் பாக்கெட்டின் மீதும், முகக்கவசத்தின் மீதும், உயிர்காக்கும் என்று நம்பப்பட்ட மருந்தின் மீதும் திரும்பியபோது என்ன நிகழ்ந்தது என்பதை நாம் கண்கூடாகக் கண்டவர்கள். ஆகவே இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

நாம் கண்ட மூன்று காலங்கள்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய நாட்களை நினைவுகூர்வோம். ஒரு பாக்கெட் பாலுக்கு நூறு ரூபாய் கேட்கப்பட்ட தெருக்கள் இருந்தன. கைக்குழந்தையுடன் நின்ற தாய் எந்தப் பேரமும் பேச முடியாமல் அதைக் கொடுத்தாள். அதே நகரத்தில், அதே நாட்களில், மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து முன்பின் அறியாதவர்களை மீட்டார்கள். பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லாச் சமயத்தவருக்கும் திறக்கப்பட்டன. ஒரே தண்ணீர்தான் இருவகை மனிதர்களையும் நமக்குக் காட்டியது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது முகக்கவசமும் கிருமிநாசினியும் கடைகளிலிருந்து மறைந்தன. மார்ச் 13 அன்று மத்திய அரசு அவ்விரண்டையும் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஒரு வாரத்தில் விலையையும் வரையறுத்தது: மூன்றடுக்கு முகக்கவசம் பத்து ரூபாய், 200 மில்லி கிருமிநாசினி நூறு ரூபாய். ஒரு துண்டுத் துணிக்கும் ஒரு சிறு குப்பிக்கும் அரசாணை பிறப்பிக்க வேண்டிய நிலைக்கு நம் சந்தை தாழ்ந்திருந்தது.

மூன்றாவது, 2021ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்கள். ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இரவெல்லாம் காத்திருந்தவர்களை நம்மில் பலர் அறிவோம். நாமே நின்றவர்களும் உண்டு. அரசு ஒரு குப்பியைச் சுமார் 1,600 ரூபாய்க்கு வழங்கியது. வெளியில் அதே குப்பி 20,000 ரூபாய் வரை விற்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. கைதுகள் நடந்தன. குண்டர் சட்டம் பாயும் என்று தமிழக அரசு எச்சரித்தது. விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றியும் கூட்டம் அடங்கவில்லை. இறுதியில் மருந்தை மருத்துவமனைகளுக்கே நேரடியாக அனுப்பும் முறை வந்தது. இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, 2020 நவம்பரில், அம்மருந்து உயிரிழப்பைக் குறைப்பதற்குப் போதிய சான்று இல்லையென்று கூறி, அதைப் பரிந்துரைக்க இயலாது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. ஆக, அந்த இருபதாயிரத்தில் மருந்தின் விலை சிறிது. எஞ்சியதெல்லாம் ஒரு மகனின் அச்சத்திற்கு, ஒரு மனைவியின் கண்ணீருக்கு வைக்கப்பட்ட விலை.

விலை ஏறுவதே குற்றமா?

இங்கு நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். விலை ஏறும்போதெல்லாம் வியாபாரியைச் சபிப்பது மார்க்கம் காட்டிய வழியன்று. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு தோழர்கள் வேண்டினர். நபியவர்கள் அதற்கு இசையவில்லை. விலையின் ஏற்ற இறக்கம் இறைவன் வசமுள்ளது என்றும், எவருடைய உயிரிலோ பொருளிலோ தாம் அநீதி இழைத்த நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றும் கூறினார்கள். அனஸ் (ரலி) வழியாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. மழை பொய்த்தாலோ வரத்து குறைந்தாலோ விலை ஏறும். வியாபாரியும் கூடுதல் விலைக்கே வாங்கியிருப்பார். அவரை நஷ்டத்தில் விற்கச் சொல்லும் உரிமை நமக்கில்லை.

ஆனால் அதே நபியவர்கள், பதுக்கி வைப்பவன் பாவியே என்று கண்டித்துள்ளார்கள். மஃமர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அரபியில் இதற்கு 'இஹ்திகார்' என்று பெயர். இவ்விரண்டு நபிமொழிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எல்லைக்கோடு புலப்படும். பற்றாக்குறை தானாக வந்து விலை உயர்ந்தால் அது சந்தை. பற்றாக்குறையை ஒருவன் தன் கையால் உண்டாக்கி, அல்லது இருப்பதை மேலும் இறுக்கி, அதன்மேல் விலையை உயர்த்தினால் அது அநீதி.

இதை இன்னும் துலக்கும் மற்றொரு தடையும் உண்டு. வெளியூர் வணிகக் கூட்டம் பொருட்களோடு மதீனாவை நெருங்கும்போது, சந்தைக்கு வந்து சேருமுன் வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை மடக்கி வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர், சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்றார்கள். நாட்டுப்புறத்துக்காரர் கொண்டுவரும் சரக்கை நகரத்துக்காரர் தரகராக இடையில் புகுந்து பிடித்து வைப்பதையும் தடுத்தார்கள். மக்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள், ஒருவர் வழியாக மற்றவருக்கு இறைவன் உணவளிக்கிறான் என்பதே அதன் கருத்து.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின், ஒட்டகத்தின் இடத்தில் இணையதளம் வந்திருக்கிறது. விற்பனை தொடங்கிய நொடியிலேயே பல பெயர்களிலும், சில சமயம் மனிதக் கையே தேவைப்படாத மென்பொருள்களாலும் சரக்கை அள்ளிக்கொள்வது, ஊர் எல்லையில் நின்று வணிகக் கூட்டத்தை மடக்கிய அதே செயலின் புதிய வடிவமாகவே நமக்குத் தோன்றுகிறது. பொருள் சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் மக்கள் அதைக் காணவில்லை.

உமர் (ரலி) வகுத்த வேறுபாடு

இந்த விஷயத்தில் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது, இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவுசெய்துள்ள கலீஃபா உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு. எங்கள் சந்தையில் பதுக்கலுக்கு இடமில்லை என்று அவர்கள் அறிவித்தார்கள். கையில் உபரிப் பணம் வைத்திருப்போர், ஊருக்குள் வந்து இறங்கிய உணவை வாங்கி அடைத்து வைப்பதைக் கண்டித்தார்கள். ஆனால் குளிரிலும் கோடையிலும் தம் உடலை வருத்திச் சரக்கைச் சுமந்து வருபவர் உமரின் விருந்தாளி என்றும், அவர் விரும்பியபடி விற்கலாம், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

எத்தனை நுட்பமான பார்வை! இருவரும் வாங்கி விற்பவர்களே. இருவருக்கும் லாபம் உண்டு. ஒருவர் இல்லாத இடத்திற்குப் பொருளைக் கொண்டு வருகிறார். அவரால் சந்தை நிறைகிறது. மற்றவர் வந்துவிட்ட பொருளுக்கும் அதற்காகக் காத்திருப்பவருக்கும் நடுவே மறித்து நிற்கிறார். அவரால் சந்தை வற்றுகிறது. முன்னவருக்கு விருந்தாளியின் மரியாதை. பின்னவருக்கு அச்சந்தையில் இடமே இல்லை.

வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நடந்து, பக்கத்து ஊரிலிருந்து பால் கொண்டுவந்தவர் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் அதை நாம் மனமுவந்து கொடுக்கலாம். அவர் கொண்டு வருபவர். தெருமுனைக் கடையில் இருந்த அத்தனை பாக்கெட்டையும் காலையிலேயே வாங்கி, மாலையில் நூறு ரூபாய்க்கு விற்றவர் மறித்து நின்றவர். அவர் ஒரு சொட்டுப் பாலையும் கொண்டு வரவில்லை.

மூன்று சமாதானங்கள்

இத்தகையோர் வழக்கமாகக் கூறும் சமாதானங்கள் மூன்று.

முதலாவது, 'வாங்கியவர் சம்மதித்துத்தானே வாங்கினார்?' வியாபாரம் இருதரப்புப் பொருத்தத்தின் பேரில் நடக்க வேண்டும் என்று திருக்குர்ஆன் கூறுவது உண்மை. ஆனால் மருத்துவமனை வாசலில் நிற்பவன் கொடுக்கும் சம்மதம் பொருத்தமா, கையறுநிலையா? நிர்ப்பந்தத்தில் இருப்பவரின் இயலாமையைப் பயன்படுத்தி நடத்தும் வியாபாரத்தை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் தனியே எடுத்துப் பேசியிருப்பது இதனால்தான். வேறு வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, திறந்திருந்த ஒரே வழியில் அவன் வந்ததைச் சம்மதம் என்பது நேர்மையாகாது.

இரண்டாவது, 'இது உணவுப் பொருள் இல்லையே!' இதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. நம்மில் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபினரும் இருக்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் தடைசெய்யப்பட்ட பதுக்கல் உணவுப் பொருட்களுக்கே உரியது. அந்த நபிமொழியை அறிவித்தவர்களே உணவல்லாத சிலவற்றைச் சேமித்து வைத்திருந்தனர் என்ற செய்தியும் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, எதை அடைத்து வைப்பதால் பொதுமக்களுக்குத் தீங்கு ஏற்படுமோ அதெல்லாம் பதுக்கலே, அது துணியாக இருந்தாலும் சரி என்று கருதினார்கள். மக்களுக்கு நேரும் தீங்கைத் தடுப்பதே இந்தத் தடையின் நோக்கம் என்று இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முகக்கவசமும் மருந்தும் எரிவாயு சிலிண்டரும் எப்பக்கம் சேரும் என்பதை எவரும் கூறிவிடலாம்.

அப்படியானால் கைப்பேசி? அது பதுக்கலில் சேராது என்று ஓர் ஆலிம் தீர்ப்பளித்தால் அதை நாம் மறுக்கப்போவதில்லை. ஃபத்வா வழங்குவது நம் பணியன்று. ஆயினும் கேள்வி அங்கே முடிந்துவிடவில்லை. ஒருவருக்கு ஒன்று என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் பொத்தான் அழுத்தப்பட்டது. முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட நெறி. உம்மாவின் பெயரில் வாங்கியபோது உம்மாவுக்குக் கைப்பேசி தேவைப்பட்டதா? பொதுவாசல் வழியே வந்தால் தவறில்லை என்று வைத்துக்கொண்டாலும், பொய்ப் பெயர் என்ற பின்வாசல் வழியே வந்த லாபத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது? மேலும், உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது நம் நாட்டின் சட்டப்படியும் குற்றம்.

மூன்றாவது, 'நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான்.' மறுமையில் நம் ஏட்டை நாமே வாசிக்கப்போகிறோம். அதில் வேறொருவனின் கணக்கு இருக்காது.

நம் பங்கு

மறித்து நிற்பவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. 2020இல் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட அந்த இரவில் நம்மில் எத்தனை பேர் கடைக்கு ஓடி, மூன்று மாதத்திற்கான அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் வாங்கி அடுக்கினோம்? லாப நோக்கம் நமக்கு இல்லை என்பது உண்மை. அது பதுக்கல் வியாபாரம் அன்று. ஆனால் அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குபவர் மறுநாள் காலையில் வெறும் அலமாரியைத்தான் கண்டார். அவருக்கு நம் நோக்கம் தெரியாது, அலமாரி மட்டுமே தெரியும்.

தட்கல் பயணச்சீட்டையும் எண்ணிப் பார்ப்போம். காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் திறந்த சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. அனுமதியின்றிச் சீட்டு வாங்கி விற்பதை ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு குற்றமாக்கியுள்ளது. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பும் கட்டாயமாக்கப்பட்டது. இருந்தும், பெருநாளுக்கு ஊருக்குச் செல்ல வேண்டுமென்றால் 'ஐந்நூறு கூடக் கொடுத்தால் எடுத்துத் தருவார்' என்று நாமே ஒருவரைக் கைகாட்டுகிறோம். நாம் கொடுக்கும் அந்த ஐந்நூறுதான் அடுத்த மாதமும் அவரை வாசலில் நிறுத்துகிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் கொடுப்பவரின் நிலை வேறு. வசதிக்காகக் கொடுப்பவர் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

நம் சமுதாயத்தில் கடை வைத்திருப்போர் ஏராளம். மளிகை, மருந்து, துணி, கைப்பேசி என்று எத்துறையிலும் இருக்கிறோம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டுப்பாடான காலத்தில், ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுங்கள். மொத்தமாக அள்ளிச் செல்ல வருபவருக்கு, அவர் கூடுதல் பணம் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். அடுத்த லோடு எப்போது வரும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உண்மை தெரிந்தால் பாதி அச்சம் தணியும். அச்சம் தணிந்தால் கூட்டம் குறையும்.

ஒரு படகுக் கோதுமை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில், பொருளீட்டலின் ஒழுக்கங்களைப் பேசுமிடத்தில் ஒரு நிகழ்வைக் குறிப்பிடுகிறார்கள். முன்னோரில் ஒருவர் இராக்கின் வாஸித் நகரில் வாழ்ந்தார். ஒரு படகு நிறையக் கோதுமையைப் பஸராவுக்கு அனுப்பினார். சேர்ந்த அன்றே விற்றுவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்று தம் முகவருக்கு எழுதினார். படகு சேர்ந்தபோது விலை குறைவாக இருந்தது. ஒரு வாரம் பொறுத்தால் பல மடங்கு கிடைக்கும் என்று அங்கிருந்த வியாபாரிகள் கூறினர். முகவர் பொறுத்தார். அவர்கள் சொன்னபடியே கொள்ளை லாபம் கிடைத்தது. மகிழ்ச்சியோடு முதலாளிக்கு எழுதினார்.

பதில் வந்தது. மார்க்கம் பத்திரமாக இருக்கக் குறைந்த லாபமே போதுமென்று இருந்தோம், நீர் அதற்கு மாறு செய்துவிட்டீர் என்று வருந்தியிருந்தார். கிடைத்த பணம் முழுவதையும் பஸராவின் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி பணித்திருந்தார். அப்படிக் கொடுத்த பிறகும், பதுக்கிய பாவத்திலிருந்து நன்மையும் இன்றித் தீமையும் இன்றிச் சரிசமமாகத் தப்பினால் போதும் என்பதே அவருடைய ஆசையாக இருந்தது. ஒரு வாரம் தாமதித்த கோதுமைக்காக அவர் பட்ட அச்சம் அவ்வளவு.

நம் தெரு இளைஞர் அந்தப் பன்னிரண்டாயிரத்தை என்ன செய்தார் என்பதை நாம் விசாரிக்கவில்லை. அது அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையிலான கணக்கு. லாபத்தைக் கையில் வாங்கிய பிறகும் ஹலாலா என்று கேட்க அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வந்த உறுத்தல் இருக்கிறதே, அதை நாம் பெரிதாக மதிக்கிறோம். இருபதாயிரத்திற்கு மருந்துக் குப்பி விற்ற கைகளுக்கும் ஒரு நாள் அந்த உறுத்தல் இருந்திருக்கக்கூடும். அதைத் தட்டித் தட்டி உறங்கவைத்துத்தான் அவர்கள் அந்த இடத்திற்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

எனவே இமாம் கேட்ட கேள்வியையே நாம் ஒவ்வொருவரும் கல்லாவில் அமரும்போதும், கைப்பேசியில் பொத்தானை அழுத்தும்போதும் நம்மிடம் கேட்டுக்கொள்வோம்: நான் இடையில் இல்லாவிட்டால் இந்தப் பொருள் தேவைப்பட்டவரிடம் போய்ச் சேர்ந்திருக்குமா? சேர்ந்திருக்காது என்றால் நாம் கொண்டு வருபவர்கள், நம் லாபம் நமக்கு ஆகுமானது. சேர்ந்திருக்கும் என்றால், கையை எடுத்துக்கொண்டு வழிவிடுவதே நமக்கு நல்லது.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தைத் தூய்மையானதாக ஆக்குவாயாக! பிறருடைய தவிப்பிலிருந்து எங்கள் ரிஸ்கைத் தேடும் நிலையிலிருந்து எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாயாக! எங்கள் சந்தைகளில் வழிமறிப்போரைக் குறைத்து, கொண்டு வருவோரைப் பெருகச் செய்வாயாக! ஆமீன்.